டிரையருக்கு மூன்றாவது வயர்

போன சனிக்கிழமை துணி காயவைக்கும் டிரையரை முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன். பிறகு சுவிட்சை அடைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் பித்தளைப் பின்களை விரலால் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான். ஆகஸ்டில் இதே மாதிரி தொட்டபோது ஆள்காட்டி விரலில் கொப்புளம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மூன்று பிளக், இரண்டு வயர், ஒரு சாக்கெட் குப்பைக்குப் போயின. பாக்கெட்டிலிருந்து 114 வெள்ளி (ரிங்கிட்) 70 காசு போனது. ஒழுங்காகச் செய்திருந்தால் நூறு வெள்ளிக்குள் முடிந்திருக்கும் வேலை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், பட்டணத்தைத் தாண்டித் தோட்டத்து ஓரமாக உள்ள ஒரு தாமானில் (குடியிருப்பில்). பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. அக்டோபர் பிறந்துவிட்டால் பிற்பகலில் வானம் கறுத்துக்கொண்டு வரும். கொடியில் போட்ட துணியை எடுக்க ஓடுவதே ஒரு வேலை. மகள் தாதி, சீருடை தினமும் துவைக்க வேண்டும். மாமியார் படுக்கையோடு இருக்கிறார், நாளைக்கு இரண்டு விரிப்பு. நான் லயத்து வீட்டில் வளர்ந்தவன். மழைக்காலத்தில் அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் துணி காயப்போடுவார். பள்ளிச் சட்டையில் விறகுப் புகை வாசம் வகுப்பு வரைக்கும் வரும். அதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "சரி, உங்க சட்டைய மட்டும் அப்படிக் காயப்போடுறேன்" என்றாள். டிரையர் வாங்க ஒத்துக்கொண்டேன்.

ஜொகூருக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடம் 280 வெள்ளிக்கு வாங்கியது. ஏழு கிலோ, சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் வகை. பின்னால் ஒட்டியிருந்த தகட்டில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 2000 வாட் என்று இருந்தது. 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்குக்குள் அடங்கும். கணக்குச் சரிதான். கணக்கோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் செம்பனை ஆலையில் பிட்டர், இயந்திரங்களைப் பொருத்திப் பழுதுபார்ப்பவன். பேரிங், பம்பு, கன்வேயர் சங்கிலி என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். மின்சாரம், அதற்குப் பொறுப்பான சார்ஜ்மேன் பக்கம். அவர்கள் பெட்டியைத் திறந்தால் நாங்கள் தள்ளி நிற்போம்.

டிரையரின் பழைய வயரில், மெஷினிலிருந்து ஒரு சாண் தள்ளி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. எலி கடித்தது என்று விற்றவர் மறைக்காமல் சொன்னார். இங்கே அது பெரிய செய்தி இல்லை. செம்பனைப் பழத்துக்கு எலி வராத தோட்டம் ஏது? அதைப் பிடிக்கத்தான் தோட்டத்தில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். டேப்பைப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

வாங்கி ஒரு மாதம் இருக்கும். சாயங்காலம் வீடு முழுக்க ஒரு வாசம். "யாரோ கருவாடு சுடுறாங்க" என்றாள் மனைவி. உள்ளறையிலிருந்து மாமியார் தனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்றார். கருவாடு எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே சுட்டுக்கொண்டிருந்தது. பிளக், சாக்கெட் செய்யும் பிளாஸ்டிக்கில் சில வகை சூடேறினால் மீன் வாசம்தான் அடிக்குமாம், பிறகுதான் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டில் மீன் இல்லாத நாளில் மீன் வாசம் வந்தால் முதலில் பிளக்குகளைப் பாருங்கள்.

பிளக் வயரோடு சேர்த்து வார்த்தது, திறக்க முடியாது. லைவ் பின்னின் (மின்சாரம் உள்ளே வரும் பின்) அடியில் பிளாஸ்டிக் தேன் நிறத்திலிருந்து காப்பி நிறத்துக்குப் போயிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, 3 வெள்ளி 50 காசுக்குத் திருகு வைத்த பிளக் ஒன்று வாங்கினேன். இங்கேதான் என் கைவேலைத் திமிர். மூன்று கோரின் (வயருக்குள் ஓடும் தனித்தனிக் கம்பி) நுனியிலும் தோலை உரித்து, இழைகளை முறுக்கி, ஈயம் பூசினேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒரு இழைகூடப் பிசிறு இல்லை. ஓட்டையில் நுழைத்துத் திருகை இறுக்கிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாவது நாள் மறுபடியும் கருவாடு.

இந்த முறை பிளக்கைத் திறக்க முடிந்தது. லைவ் திருகைத் திருப்புளியால் தொட்டதும் அரைச் சுற்று தானாகச் சுற்றியது. நான் பல்லைக் கடித்து இறுக்கிய திருகு அது. அதன் பக்கத்தில் 13 ஆம்பியர் பியூஸ், ஒரு முனை நிறம் மாறி, ஆனால் எரியாமல் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு சூட்டில் பியூஸ் ஏன் போகவில்லை என்று அன்றைக்குப் புரியவில்லை.

அடுத்த தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார், ஆலையில் இருபது வருஷம் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பிளக்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பிளக்கை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னா தம்பி இது, ஈயம் ஊத்தி வச்சிருக்கே?"

"கெட்டியா இருக்கட்டும்னுதான் அண்ணே."

"ஈயம் எங்கடா கெட்டி? திருகு அழுத்த அழுத்த அது வழியும். சூடு ஏறினா இன்னும் வழியும். நீ இறுக்கினது செம்ப இல்ல, வெண்ணெய."

ஈயம் மென்மையான உலோகம். திருகின் அழுத்தத்தில், கண்ணுக்குத் தெரியாமல், நாளாக நாளாக ஒதுங்கிக்கொடுக்கும். திருகு தளரும், தொடர்பு கெடும், அங்கே சூடு பிறக்கும், சூட்டில் ஈயம் இன்னும் இளகும். பியூஸுக்கு இது தெரியாது. அதற்குத் தெரிந்தது எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பது மட்டும். ஒன்பது ஆம்பியர் ஓடுகிறது, 13-க்குக் கீழே, எல்லாம் நலம் என்று அது உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பிளாஸ்டிக் கருகினாலும் சரி. திருகுக்கு அடியில் போகும் இழைகளை ஈயமில்லாமல் முறுக்கி, நுனியை இரட்டையாக மடித்து வைத்தால் போதும் என்றார்.

அதோடு வயரின் தோலை இரண்டு அங்குலம் உரித்துக் காட்டினார். உள்ளே செம்பு செம்பாக இல்லை, கறுத்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்து பளபளப்பான செம்பு வரும் வரைக்கும் வெட்டிக்கொண்டே போனேன். ஒரு அடி போயும் வரவில்லை. அந்தப் பக்கம் எலிக்கடி வேறு. முழு வயரையும் மாற்றுவது என்று முடிவு.

இரண்டாவது முயற்சியைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். டிரையர் வயர் மாற்றுவது எப்படி என்று போனில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கக் காணொளி. மூன்று பார்த்தேன். மூன்றிலும் ஒருவர் டிரையரின் முதுகில் ஒரு சின்ன மூடியைக் கழற்றி, நான்கு கோர் உள்ள தடித்த வயரை நான்கு திருகில் மாட்டுகிறார். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை. நானும் ஒரு தாளில் நான்கு நிறத்தையும் எழுதிக்கொண்டு, பட்டணத்தில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போய் நான்கு கோர் வயர் கேட்டேன். தவுக்கே, கடை முதலாளி, தாளை வாங்கிப் பார்த்தார். வீட்டில் மூன்று லைவ் வரும் திரீ பேஸ் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அப்புறம் நாலாவது வயரை எங்கே மாட்டுவாய் என்று மலாயில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அங்கே விஷயமே வேறு. அமெரிக்க வீடுகளுக்கு 120 வோல்ட் லைவ் இரண்டு வருகிறது. இரண்டுக்கும் நடுவே 240. டிரையரின் ஹீட்டர் 240-இல் ஓடும், மோட்டாரும் விளக்கும் 120-இல். அதனால் இரண்டு லைவ், ஒரு நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் வழி), ஒரு எர்த் (கசிவை மண்ணுக்குக் கொண்டுபோவது). பிளக்கே 30 ஆம்பியர். பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும். அதில் எர்த் தனியாகக் கிடையாது, நியூட்ரலையே மெஷின் உடம்போடு ஒரு பட்டையால் இணைத்திருப்பார்கள். 1996-க்குப் பிறகு புது வயரிங்குக்கு நாலு பின்தான் என்று அவர்கள் சட்டம் மாறிவிட்டது. நமக்கு ஒரு லைவ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த், 230 வோல்ட், முடிந்தது கதை. அந்தக் காணொளியைப் பார்த்து இங்கே யாராவது நியூட்ரலை மெஷின் உடம்போடு இணைத்து வைத்தால், நியூட்ரல் அறுந்த அன்றைக்கு டிரையர் தகரமே லைவ் ஆகிவிடும். இன்னொரு வம்பு, நிறம். அங்கே கறுப்பு லைவ். நம் பழைய வீட்டு வயரிங்கில் கறுப்பு நியூட்ரல், சிவப்புதான் லைவ், பச்சை எர்த். பிளக் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். தாளைக் கிழித்துப் போட்டேன்.

கிழித்தேன், ஆனால் அவசரம் போகவில்லை. கைக்கு எட்டிய சுருளில் மூன்று கோர் வயர் இருந்தது, மீட்டர் 2 வெள்ளி 80 காசு. நான்கு மீட்டர் வெட்டி வாங்கினேன். இரண்டு மீட்டர் போதும். நீளமாக இருந்தால் நல்லதுதானே என்று ஒரு நினைப்பு. மெஷினின் முதுகுப் பலகையைத் திறக்கவும் சோம்பல். பழைய வயரில் அரை அடியை மெஷினில் விட்டு வெட்டி, வெள்ளைக் கனெக்டர் வைத்துப் புது வயரை இணைத்து, மேலே டேப் சுற்றினேன். இந்த முனையில் இன்னொரு 3 வெள்ளி 50 காசு பிளக். மிச்சம் இருந்த நீளத்தை வட்டமாகச் சுற்றி, கேபிள் டை போட்டு, டிரையருக்குப் பின்னால் தொங்கவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அரை மணி நேரம் ஓடிய பிறகு அந்த வட்டத்தைப் பிடித்தால், அப்போதுதான் கொதிக்கவைத்த தே ஓ (பால் இல்லாத தேநீர்) கிளாசைப் பிடித்த மாதிரி. கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றிச் சூடு பார்க்கும் கருவி அலமாரியில் கிடந்தது. அதை நீட்டினேன். 'ஹை' என்று காட்டிச் சிவப்பாக மின்னியது. மனுஷனுக்குச் செய்த கருவி, அதற்கு மேல் அதற்குத் தெரியாது. மறுநாள் ஆலையில் பேரிங் சூடு பார்க்கும் கருவியை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்து பார்த்தேன். சுருளின் நடுவில் 61 டிகிரி, கனெக்டர் இருந்த இடத்தில் 68. அன்றைக்கு வெளியே 31.

அப்போதுதான் வயரின் மேல்தோலில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். 3 × 0.75. ஒரு துண்டை வெட்டி இழைகளை எண்ணினேன், 24. ஆலையில் மைக்ரோமீட்டரில் ஒரு இழையை அளந்தால் 0.2 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் முக்கால் சதுர மில்லிமீட்டர்தான், பொய் சொல்லவில்லை. அந்தப் பருமன் 6 ஆம்பியருக்கு என்று அண்ணன் சொன்னார். 1 சதுர மில்லிமீட்டர் 10-க்கு, 1.25 என்றால் 13-க்கு. ஒன்பது ஆம்பியர் முக்கால் மணி நேரம் விடாமல் இழுக்கும் சாமானுக்கு 1.5 போடு என்றார். சுருட்டி வைக்காதே, சுருட்டினால் சூடு வெளியே போக வழியில்லை, ஒன்றை ஒன்று காய்ச்சும். இந்த இரண்டாவது வயர் நான்கே நாளில் வேலையை விட்டது, நானே பிடுங்கிவிட்டேன்.

நடுவில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போன் செய்து கேட்டேன். வந்து பார்க்க 50, வயர் மாற்ற 180 என்றார்கள். போனை வைத்துவிட்டேன்.

மூன்றாவது முறைக்கு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக ஒதுக்கினேன். பழைய வயரில் பிளக்கே இல்லாததால் மின்சாரம் பற்றிய பயம் இல்லை. ஆனால் உள்ளே மோட்டாருக்கு ஒரு கெப்பாசிட்டர் உண்டு, அது மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். மெஷின் முதல்நாள் இரவிலிருந்து சும்மா இருந்தது, இருந்தும் அந்தப் பக்கம் கை வைக்கவில்லை.

முதுகுப் பலகையில் 11 திருகு. பத்து வந்தது. பதினொன்றாவது, கீழே இடது மூலையில், துருப்பிடித்துத் தலை தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டுவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்து, பிளையரால் பக்கவாட்டில் பிடித்துத் திருப்பினேன். அதற்கே ஒரு மணி நேரம்.

பலகை விலகியதும் வயரை மறந்துபோனேன். உள்ளே துணிப் பஞ்சு. ஹீட்டர் கூண்டின் ஓரம், மோட்டார் மேல், பெல்ட் ஓடும் தடத்தில், சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது. அதற்குள் இரண்டு பல்லி முட்டை ஓடு. பிரஷ்ஷால் தட்டி, வாக்கம் போட்டு எடுத்து, பெரிய மைலோ டின் ஒன்றில் அமுக்கினால் முக்கால் டின் வந்தது. ஒரு சிட்டிகை எடுத்து வாசல் சிமெண்டில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். 'புஸ்' என்று ஒரே நொடி. இதன் பக்கத்தில்தான் நான் 68 டிகிரியில் ஒரு கனெக்டரைத் தொங்கவிட்டிருந்தேன்.

வயர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பிடி, இரண்டு திருகு. அதைத் தாண்டி ஒரு டெர்மினல் கட்டை. லைவும் நியூட்ரலும் 6.3 மில்லிமீட்டர் தட்டை முள்ளில் செருகும் வகை. எர்த் தனியாக, மெஷின் தகரத்தில் வளையம் வைத்துத் திருகியது. மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன், பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று. ஒவ்வொன்றிலும் எந்த நிறம் எங்கே போகிறது என்று மார்க்கரால் தகரத்திலேயே எழுதினேன்.

புது வயர் 3 × 1.5, சிரிம் தர முத்திரை உள்ளது, மீட்டர் 5 வெள்ளி 50 காசு. இந்த முறை சாக்கெட்டிலிருந்து மெஷின் பிடி வரை ஒரு கயிறு விட்டு அளந்தேன். 1.35 மீட்டர். மெஷினை முன்னால் இழுக்க இடம் விட்டு, இரண்டு மீட்டர் மட்டும் வாங்கினேன். வெட்டிய நுனியில் எண்ணினால் 30 இழை, ஒவ்வொன்றும் 0.25. பழைய வயரையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூலும் சணலும் மாதிரி இருந்தது.

மெஷின் பக்கம் மேல்தோலை 7 சென்டிமீட்டர் உரித்தேன். லைவையும் நியூட்ரலையும் 5 சென்டிமீட்டராக வெட்டிவிட்டு, எர்த்தை 7-ஆகவே விட்டேன். காரணம் இருக்கிறது: எப்போதாவது யாராவது வயரை வெடுக்கென்று இழுத்து உள்ளே பிய்ந்தால், லைவ் முதலில் கழன்று எர்த் கடைசியில் கழல வேண்டும். அண்ணன் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பிட்டர் மூளைக்கு உடனே ஏறியது.

முனைக்கு அழுத்து டெர்மினல். பத்து அடங்கிய பாக்கெட் 4 வெள்ளி. முதல் ஒன்றைச் சாதாரணப் பிளையரால் நசுக்கினேன். பிடித்து இழுத்ததும் கையோடு வந்தது. அண்ணனிடம் நசுக்கும் கருவியை வாங்கி வந்து, நீல உறை போட்ட டெர்மினலில் செய்தேன். அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது. நீலம் 1.5-இலிருந்து 2.5 வரை, சிவப்பு 1.5 வரை. என் வயர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. சிவப்பில் அழுத்தினேன். ஒரு காலை டிரையரில் முட்டுக்கொடுத்து இழுத்தும் வரவில்லை. முனைகளைக் கட்டையில் செருகும்போது இறுக்கமாக, 'டக்' என்று உட்கார வேண்டும். ஒன்று லேசாகப் போய் உட்கார்ந்தது. அதைக் கழற்றி, வாயைப் பிளையரால் ஒரு மயிரிழை நெருக்கிவிட்டு மறுபடி செருகினேன்.

பிளாஸ்டிக் பிடி மேல்தோலைக் கவ்வ வேண்டும், உள்ளே உள்ள கோர்களை அல்ல. முதலில் மாட்டியபோது உரித்த இடம் சரியாகப் பிடிக்குள் வந்து, நீலக் கோர் நசுங்கியது. ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி மறுபடி இறுக்கினேன்.

எர்த்தில் ஒரு பாடம். பழைய எர்த் திருகு துருவேறி இருந்ததால் அதை விட்டுவிட்டு, பக்கத்தில் சும்மா இருந்த ஒரு திருகு ஓட்டையில் வளையத்தை வைத்து இறுக்கினேன். மல்டிமீட்டரின் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 ஓம், அது மீட்டரின் சொந்தக் கணக்கு. எர்த் கோரின் மறுமுனைக்கும் டிரம் உலோகத்துக்கும் நடுவில் பார்த்தால் 3.8, வயரை ஆட்டினால் 11, மறுபடி 5. வளையத்துக்கு அடியில் பெயிண்ட். திருகின் மரையில் மட்டும் தொட்டும் தொடாமலும் எர்த் நிற்கிறது. பழைய இடத்துக்கே போனேன். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து வெள்ளைத் தகரம் தெரியவைத்து, பல் உள்ள வாஷர் போட்டு, புதுத் திருகால் இறுக்கினேன். இப்போது 0.4. மீட்டரின் 0.3-ஐக் கழித்தால் 0.1. எவ்வளவு ஆட்டினாலும் மாறவில்லை.

பிளக் 7 வெள்ளி 50 காசு, சிரிம் உள்ளது, கனமான பித்தளை. மூடியைக் கழற்றி, எர்த் பின் மேலே வரும்படி வைத்துப் பார்த்தால் வலது பக்கம் பியூஸ் இருக்கும், பழுப்பு அங்கே. நீலம் இடது பக்கம். இழைகளை முறுக்கி மடித்து, ஈயம் இல்லாமல், இறுக்கினேன். பத்து நிமிடம் கழித்து ஒரு கால் சுற்று மறுபடி இறுகியது. இங்கேயும் எர்த்துக்குக் கொஞ்சம் நீளம் கூடுதல், பிடி மேல்தோல் மேல்.

அண்ணன் மெகர் கொண்டுவந்தார், மின்சாரம் எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர். பிளக்கின் லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து எர்த்தோடு 500 வோல்ட்டில் பார்த்தார். குறைந்தது ஒரு மெகாஓமாவது வேண்டும், முள் 50-ஐத் தாண்டி நின்றது. சாதாரண மீட்டர் இதற்குப் போதாது, அதில் உள்ள பேட்டரி வோல்ட்டுக்குச் சின்னக் கசிவு தெரியாது என்றார்.

ஓடவிட்டோம். ஆம்பியர் பார்க்க நான் கிளாம்ப் மீட்டரை வயரைச் சுற்றிப் போட்டேன். சுழி. ஹீட்டர் செத்துவிட்டது என்று எனக்குப் பகீரென்றது. அண்ணன் சிரித்துக்கொண்டே, "போறதும் வர்றதும் ஒண்ணாப் பிடிச்சா என்னா தெரியும்? ஒண்ணு ஒண்ண அடிச்சிடும்" என்றார். தன் பையிலிருந்து, கோர்கள் தனித்தனியாகப் பிரித்துவிட்ட ஒரு குட்டி எக்ஸ்டென்ஷனை எடுத்து நடுவில் மாட்டி, பழுப்பை மட்டும் பிடித்தார். 9.0 ஆம்பியர். சாக்கெட்டில் 236 வோல்ட். சூடு போதும் என்று தெர்மோஸ்டாட் ஹீட்டரை அடைத்ததும் ஆம்பியர் ஒன்றுக்கு இறங்கியது, மோட்டார் மட்டும்.

நாற்பது நிமிடம் கழித்து வயரில் 35 டிகிரி. பிடி இருந்த இடத்தில் 36. பிளக்கின் லைவ் பக்கம் 57.

கையை விரித்துவிட்டேன். புது வயர், புது பிளக், ஈயம் இல்லை, எல்லாம் இறுக்கம். அண்ணன் ஒன்றும் பேசாமல் சாக்கெட்டைச் சுவிட்ச் அடைத்து, பிளக்கை இரண்டு விரலால் பிடித்து வெளியே எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். வெண்ணெயில் கத்தி மாதிரி போய் வந்தது. பக்கத்துச் சுவரில் உள்ள சாக்கெட்டில் அதே பிளக்கைச் செருகச் சொன்னார். தள்ளிச் செருக வேண்டியிருந்தது. பழைய சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்வும் தகடு சூடேறிச் சூடேறி வில்தன்மை போய் வாய் பிளந்திருந்தது. நான் மூன்று மாதமாகப் புதுப் புது பிளக்கைக் கொண்டுபோய் அந்த வாயிலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன். முதல் பிளக் கருகியதற்கும் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சுவருக்குள் நான் கை வைக்கவில்லை. அது பதிவு பெற்ற வயர்மேன் வேலை. ஒருவர் வந்து மெயினை அடைத்துச் சாக்கெட்டைக் கழற்றினார். லைவ் வயரின் தோல் இரண்டு அங்குலத்துக்கு அப்பளம் மாதிரி நொறுங்கியது. நல்லது வரும் வரை வெட்டி, புதுச் சாக்கெட் மாட்டினார். சாக்கெட் 14 வெள்ளி, அவர் கூலி 60. வீட்டு மின்சாரம் பிரியும் டிபி பெட்டியைப் பார்த்துவிட்டு, வீட்டில் இருப்பது 100 மில்லி ஆம்பியர் கசிந்தால் மின்சாரத்தை அடைக்கும் டிரிப் என்றும், பின்கட்டு ஈரமான இடம் என்பதால் டிரையருக்கும் வாஷிங் மெஷினுக்கும் தனி லைன் இழுத்து 30 மில்லி ஆம்பியரில் போடுவது நல்லது என்றும் சொன்னார். அதற்கு அவர் சொன்ன தொகைக்குத் தீபாவளி போனஸ்தான் வர வேண்டும். வந்ததும் முதல் செலவு அது.

புதுச் சாக்கெட்டில் அதே நாற்பது நிமிடத்துக்குப் பிளக் 39 டிகிரி.

செலவை வரிசைப்படுத்தினேன். வீண் போனது: இரண்டு பிளக் 7 வெள்ளி, நான்கு மீட்டர் ஒல்லி வயர் 11.20. நின்றது: வயர் 11, பிளக் 7.50, டெர்மினல் 4, சாக்கெட்டும் கூலியும் 74. அண்ணன் காசு வாங்கவில்லை. இரண்டு பாக்கெட் முறுக்கு வாங்கிக்கொண்டார்.

இன்னொரு முறை செய்தால் வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பேன். முதலில் சாக்கெட்டில் பிளக் எவ்வளவு இறுக்கமாகப் போகிறது என்று பார்ப்பேன். அப்புறம் வயரின் மேல் உள்ள எழுத்தைக் கடையிலேயே படிப்பேன். பலகையைத் திறந்த கையோடு அந்த 11 திருகையும் துருப்பிடிக்காத வகைக்கு மாற்றியிருக்கலாம், விட்டுவிட்டேன். பஞ்சு எடுக்க ஆறு மாதத்தில் மறுபடி திறக்க வேண்டும். வயர் தரையில் கிடக்காமல் சுவரோடு இரண்டு கிளிப் அடித்திருக்கிறேன், எலி ஏறினாலும் கண்ணில் படும்.

நேற்று சாயங்காலம் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் மோட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவன் மூக்கில் கருவாட்டு வாசம். துணியைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன். பிளக்கில் கை வைத்தேன், சூடு இல்லை. வயர், சாக்கெட், சுவர், ஒன்றிலும் இல்லை. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி, சட்டியில் நெத்திலிக் கருவாடு.

"அம்மா மூணு மாசமா கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள்.